ஊருக்கேற்ற கருவி தேடியவர்: ஈ. எவ். சூமாக்கர்

சூமாக்கர் என்ற பெயரைக் கேட்டதும் நம் மாணவர்களுக்குக் கார்ப் பந்தய வீரர் ஒருவரே நினைவுக்கு வருவார். இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. இவர் விரைவை அவ்வளவாக விரும்பாத ஒரு பொருளியல் அறிஞர். பிரித்தானிய தேசிய நிலக்கரிச் சபையில் இருபது ஆண்டுகள் இலண்டனிற் கடமையாற்றியவர். வறிய நாடுகளுக்கு இயந்திரங்களை அனுப்புவோர் அந்நாடுகளின் மண்ணையும் மக்களையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை உலகறியச் செய்தவர். அவருடைய சிந்தனை உருவானதில் இரு தமிழருக்கும் பங்குண்டு. ஒருவர் தஞ்சாவூரிற் பிறந்தவர். மற்றவர் கொழும்பிற் பிறந்தவர். இதனை நம் பிள்ளைகள் அறியும் வாய்ப்பு இங்குள்ள பாடசாலைகளிற் கிடைப்பதில்லை. ஆகவே இம்மலரில் அதனை எழுத முற்பட்டேன்.

எர்ன்ஸ்ட் பிரீட்ரிக் சூமாக்கர் 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள் ஜேர்மனியின் பொன் நகரிற் பிறந்தார். தந்தையார் பொருளியற் பேராசிரியர். 1930இல் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் நியூ கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1934இல் தாயகம் திரும்பியபோது அங்கே ஹிட்லரின் ஆட்சி நிலைபெற்றிருந்தது. படித்தவர்களும் அந்த ஆட்சிக்குத் தலைவணங்கியதை அவரால் ஏற்க முடியவில்லை. 1937இல் மனைவியுடன் இலண்டனுக்கு வந்து குடியேறினார். பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி: அணு விஞ்ஞானி வேர்னர் ஹைசன்பேர்க் இவருடைய தங்கையின் கணவர்.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் அவருடைய நிலை தலைகீழாயிற்று. நாஜிகளை வெறுத்து வந்தவராயினும், பிரித்தானிய அரசின் கண்ணுக்கு அவர் பகை நாட்டவரே. 1940இல் சுறொப்ஷயரிலுள்ள பிறீஸ் ஹீத் முகாமில், முட்கம்பி வேலிக்குள் சில மாதங்கள் அடைத்துவைக்கப்பட்டார். நோர்தாம்ரன்ஷயரின் எய்டன் என்னும் கிராமத்திற் பண்ணைக் கூலியாகவும் உழைத்தார். ஒக்ஸ்போர்டிற் பயின்ற பொருளியலாளர் பகல் முழுவதும் வயலில் வேலை செய்துவிட்டு, இரவில் உலக நாணய முறை பற்றிக் கட்டுரை எழுதினார். பட்டம் பெற்றிருந்தும் இந்நாட்டிற்கு வந்த புதிதிற் பெற்றோல் நிலையங்களில் இரவுக் காவலிருந்த நம் தந்தையருக்கு இப்பகுதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பண்ணை வாழ்வை அவர் இழந்த காலமாகக் கருதவில்லை. மண் உயிருள்ளது என்பதையும், கையால் உழைப்போர் அறிந்தவை ஏட்டில் இல்லாதவை என்பதையும் அங்கேதான் கற்றார்.

அவர் இரவில் எழுதிய கட்டுரைகள் கேம்பிறிஜ் அறிஞர் கேன்சின் கவனத்தை ஈர்த்தன. 1942இல் ஒக்ஸ்போர்டிலே ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. பெவறிஜ் பிரபு 1944இல் வெளியிட்ட முழு வேலைவாய்ப்புப் பற்றிய நூலின் ஆக்கத்திலும் அவர் உழைப்புக் கலந்திருந்தது. 1946இற் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். சில ஆண்டுகள் ஜேர்மனியிற் பிரித்தானிய நிருவாகத்தில் இருந்துவிட்டு, 1950இல் தேசிய நிலக்கரிச் சபையின் பொருளாதார ஆலோசகரானார்.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. நிலக்கரிச் சபையில் அக்காலத்தில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வேலை செய்தனர். சிறியவற்றின் பெருமையைப் பேசிப் புகழ்பெறப் போகும் மனிதர், நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றிலிருந்தே சம்பளம் பெற்றார். சரே மாவட்டத்துக் கேற்றரமில் அவருடைய வீடு இருந்தது. அங்கிருந்து நாள்தோறும் புகைவண்டியில் இலண்டனுக்கு வருவார். அந்தப் பயண நேரத்திற் கீழைநாட்டுத் தத்துவ நூல்களைப் படித்தார். வீட்டுத் தோட்டத்தில் இரசாயன உரமின்றிக் காய்கறி வளர்த்தார். குடும்பத்துக்கு வேண்டிய பாணைத் தாமே சுட்டார். அவர் அன்று நிலக்கரிக்காக வாதாடியதை இன்றைய மாணவர் வியப்புடன் நோக்கக்கூடும். காலநிலை மாற்றம் பற்றிய அறிவு பொதுமக்களிடையே பரவாத காலம் அது. மலிவாகக் கிடைத்த அந்நிய எண்ணெயை நம்பிச் சுரங்கங்களை மூடிவிடக் கூடாது என்பதே அவர் எச்சரிக்கை. 1973இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது பலர் அதனை நினைவுகூர்ந்தனர்.

1955ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. ஐக்கிய நாடுகள் ஏற்பாட்டில், பர்மிய அரசுக்குப் பொருளாதார ஆலோசனை கூறுவதற்காக மூன்று மாதங்கள் இரங்கூன் சென்றார். புள்ளிவிவரப்படி பர்மியர் மிக வறியவர்கள். நேரிற் கண்டதோ வேறு. மக்கள் முகத்தில் மலர்ச்சி இருந்தது; தேவைகள் சிலவாக இருந்தன; வேலையும் ஓய்வும் தம்முள் பகைக்கவில்லை. மேல்நாட்டு நிபுணர்கள் அம்மக்களின் வாழ்க்கையை அறியாமலே திட்டம் வகுப்பதை அவர் அருகிலிருந்து பார்த்தார். தாமும் அத்தகைய நிபுணராகவே வந்திருப்பதை உணர்ந்தபோது நாணினார் என்று கொள்ளலாம். பௌத்த நாடொன்றுக்கு அதன் அறநெறிக்கு இசைந்த பொருளியல் வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினார். அரசு அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மட்டும் மாறி இலண்டன் திரும்பினார்.

இங்கேதான் முன்னர் குறிப்பிட்ட இரு தமிழர் வருகின்றனர். பர்மாவில் முளைத்த எண்ணங்களைச் சூமாக்கர் பின்னர் பௌத்தப் பொருளியல் என்னும் கட்டுரையாக வளர்த்து 1966இல் வெளியிட்டார். அக்கட்டுரையில் அவர் துணைக்கு அழைத்தோருள் இருவர் ஆனந்த குமாரசுவாமியும் ஜே. சி. குமரப்பாவும் ஆவர்.

ஆனந்த குமாரசுவாமி 1877இற் கொழும்பிலே சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் மகனாகப் பிறந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு மைத்துனர் முறையானவர். இளமையிலேயே இங்கிலாந்துக்கு வந்து, இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் புவிச்சரிதவியல் கற்றார். இலங்கையின் கனிவள ஆய்வுக்குத் தலைமை தாங்கியபோது ஊர் ஊராகச் சென்றவர், கல்லை ஆராயப் போன இடத்திற் கம்மாளரையும் நெசவாளரையும் கண்டு கலையாராய்ச்சிக்குத் திரும்பினார். மனிதனின் திறமைக்குத் துணைநிற்கும் கருவி வேறு, அவன் திறமையையே பறித்துக்கொள்ளும் பொறி வேறு என்பதை அவர் கம்பளம் நெய்யும் கைத்தறியையும் விசைத்தறியையும் ஒப்பிட்டு விளக்கினார். அந்த ஒப்பீடு இடம்பெற்ற நூல் சென்னையிற் பதிப்பிக்கப்பட்டது. அது சூமாக்கரின் கைக்கு எட்டியிருந்தது.

ஜே. சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரிற் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இலண்டனிலே கணக்காய்வு பயின்று, தொழிலும் பார்த்தவர். பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்றார். சில ஆண்டுகள் கழித்துச் சூமாக்கர் சென்றதும் அதே பல்கலைக்கழகந்தான். 1929இற் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேல்நாட்டு உடையைக் களைந்து கதரை உடுத்தார். 1934இல் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். எண்ணெய்ச் செக்கைத் திருத்துவது, கையாற் காகிதம் செய்வது, மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஊரில் ஆட்டிய எண்ணெயில் எரியும் விளக்கை ஆக்குவது ஆகியவை அங்கு நடைபெற்ற ஆராய்ச்சிகள். பழைய கருவியை அப்படியே போற்றுவதும் அவர் நோக்கமன்று. அந்நிய இயந்திரத்தை அப்படியே இறக்குவதும் அன்று. ஊரார் தாமே செய்யவும் பழுதுபார்க்கவும் கூடியதாய் உள்ள கருவியை மேம்படுத்துவதே அவர் நோக்கம். சிறையிலிருந்து எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலே சூமாக்கரைப் பெரிதும் கவர்ந்தது. எனினும் இருவரும் சந்தித்ததில்லை. குமரப்பா 1960 ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார். சூமாக்கர் 1961 ஜனவரியிலேதான் இந்தியாவுக்கு வந்தார்.

புனே நகரிற் பொருளாதார வளர்ச்சி பற்றி நடந்த கருத்தரங்கிற்கு அவரை அழைத்தவர் ஜெயப்பிரகாஷ் நாராயணன். மறு ஆண்டு இந்தியத் திட்டக்குழுவின் வேண்டுகோளின்படி மீண்டும் வந்தார். பர்மாவிற் கண்ட அமைதியை அவர் இந்தியக் கிராமங்களிற் காணவில்லை. வேலையின்றி, நம்பிக்கையுமின்றி இருந்த மக்களையே கண்டார். ஒருபுறம் வெளிநாட்டு உதவியால் எழுந்த பெருந்தொழிற்சாலைகள். மறுபுறம் நூற்றாண்டுகளாக மாறாத வறிய கருவிகள். இடையில் ஒன்றுமில்லை.

இந்த இடைவெளியை அவர் கணக்கினால் விளக்கிய விதம் மாணவருக்கும் எளிதில் விளங்கும். ஒருவருக்கு ஒரு வேலை அமைத்துக்கொடுக்க எவ்வளவு முதல் வேண்டும் என்று பாருங்கள். வறிய கிராமத்தின் மரபுக் கருவிக்கு ஒரு பவுண் போதும் என வைத்துக்கொள்வோம். மேல்நாட்டு இயந்திரத்திற்கோ ஆயிரம் பவுண் வேண்டும். ஒரு பவுண் கருவியை வைத்திருப்பவன் தன் சேமிப்பினால் ஆயிரம் பவுண் இயந்திரத்தை ஒருநாளும் எட்டமாட்டான். அந்த இயந்திரம் வந்தால் ஒருவனுக்கு வேலை கிடைக்கும். பலருடைய பழைய தொழில் அழிந்துவிடும். ஆகவே நூறு பவுண் அளவிலான கருவி வேண்டும் என்றார். மரபுக் கருவியைவிட மிகுந்த பயன் தருவது, பெரிய இயந்திரத்தைவிட மிக மலிவானது. இதற்கு இடைநிலைத் தொழில்நுட்பம் என்று பெயரிட்டார். வேலை மக்கள் வாழும் ஊரிலேயே இருக்க வேண்டும். செய்முறை எளிதாக இருக்க வேண்டும். மூலப்பொருளும் சந்தையும் இயன்றவரை அருகில் இருக்க வேண்டும் என்பனவும் அவருடைய நிபந்தனைகள்.

ஆபிரிக்காவில் அவர் பார்த்த ஒரு நெசவாலையைப் பற்றி எழுதியிருக்கிறார். மிகப் புதிய தானியங்கி இயந்திரங்கள் அங்கிருந்தன. தொழிற்சாலைப் பழக்கமில்லாத ஊர்மக்கள் பிழைவிடுவார்கள் என்பதற்காக ஆட்களின் தேவையை இயன்றவரை குறைத்திருந்தனர். வேலையில்லாதோரோ வெளியே கூட்டமாக நின்றனர். அந்நாட்டிலே பருத்தி விளைந்தது. ஆனால் அதன் இழை குறுகியது. இயந்திரத்துக்கு நீண்ட இழை வேண்டும். எனவே மூலப்பொருளும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. ஆலை நின்ற நிலம் ஒன்றுதான் அந்நாட்டுக்குரியது என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றையும் கூறிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர்த் தோட்டக்காரருக்கென இலண்டனில் வாழும் ஊரவர் சேர்ந்து பணம் திரட்டி, விலையுயர்ந்த நீரிறைக்கும் இயந்திரமொன்றை அனுப்பினோம். மாலை போட்டு வரவேற்றார்கள், படமும் வந்தது. அடுத்த ஆண்டு சிறு உறுப்பொன்று தேய்ந்தது. அதற்கு மாற்று ஊரிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. நான் சென்று பார்த்தபோது இயந்திரத்தின்மேல் கோழி அடைகிடந்தது. அதற்குப் பக்கத்தில் எவருக்கும் தெரிந்த பழைய பம்பு ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. ஊர்ச் சைக்கிள் கடைக்காரரே அதனைத் திருத்துவாராம். எது வேண்டும் என்று அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலருக்குத் துலா நினைவிருக்கும். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையால் நீர் வார்ப்பார். கடினமான உழைப்பு, அதை மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பம்பு வந்தபின் வெங்காயமும் மிளகாயும் செழித்தன; முதுகெலும்பு தப்பியது. அதேவேளை அளவுக்கு மீறி இறைத்ததாற் குடாநாட்டிற் பல கிணறுகளில் உவர்நீர் ஏறியது. சுண்ணாம்புக்கல்லின் அடியில் நன்னீர் மெல்லிய படையாகக் கடல்நீரின்மேல் மிதக்கிறது என்பதை இயந்திரம் அறியாது. பின்னர் 1990இற் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது. அப்போது ஜாம் போத்தலில் ஒரு துளி எண்ணெயோடு எரியும் விளக்கைச் செய்தவர்களும், சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டவர்களும் சூமாக்கரைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர் தேடியது இத்தகைய அறிவைத்தான்.

சூமாக்கரின் கருத்தை எல்லாரும் வரவேற்கவில்லை. கேம்பிறிஜ் பொருளியலாளர் கால்டோர், முதலீட்டின் ஒவ்வோர் அலகுக்கும் கூடிய உற்பத்தி தருபவை புதிய இயந்திரங்களே என்று வாதிட்டார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் தலைவர்கள் சிலர், தமக்கு இரண்டாந்தரப் பொருளைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று ஐயுற்றனர். அந்த ஐயத்தில் நியாயம் இல்லாமலில்லை. நூறு ஆண்டுகள் ஏமாற்றப்பட்டவர்கள் அவ்வாறுதான் எண்ணுவார்கள். வேலையற்று நிற்பவனின் உற்பத்தி பூச்சியம் என்பதை உங்கள் கணக்கிற் சேர்த்தீர்களா என்பதே சூமாக்கர் தந்த மறுமொழியின் சாரம். இரும்புருக்காலையும் மின்நிலையமும் சிறிதாக இயங்கா என்பதை அவர் மறுக்கவில்லை. எங்கே எது பொருந்தும் என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது.

1965 ஓகஸ்டில் இலண்டன் ஒப்சேவர் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை பலரைத் தொட்டது. கடிதங்கள் குவிந்தன. நிலக்கரிச் சபையில் உடன் பணிபுரிந்த ஜோர்ஜ் மக்றொபி, இந்தியரான மன்சூர் ஹோடா முதலிய நண்பர்களுடன் 1966இல் இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழுவைத் தொடங்கினார். கைப்பணம் மிகக் குறைவு. நீங்கள் விடுமுறை நாட்களில் வித்தை காட்டுவோரைப் பார்க்கச் செல்லும் கொவென்ற் கார்டனில், கிங் வீதியிலே 1970களில் அதன் அலுவலகம் இயங்கியது. முதல் முயற்சிகளுள் ஒன்று, பிரித்தானியாவிற் கிடைத்த சிறிய கருவிகளின் பட்டியலைத் தொகுத்து நூலாக்கியது. எந்தக் கருவி எங்கே உள்ளது என்பதை அறியாமையே பாதித் தடை என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

முட்டைத் தட்டுக் கதை அக்குழுவினர் விரும்பிச் சொல்வது. சாம்பியா நாட்டில் முட்டைகளைச் சந்தைக்கு உடையாமற் கொண்டுசெல்லக் காகிதக்கூழ்த் தட்டுகள் வேண்டியிருந்தன. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் போதும். உலகச் சந்தையிலிருந்த மிகச் சிறிய இயந்திரமோ ஒரு மாதத்திலேயே அத்தனை தட்டுகளைச் செய்துதள்ளும். அதைவிடச் சிறியது இலாபம் தராது என்று உற்பத்தியாளர் கைவிரித்தனர். குழுவினர் இலண்டன் றோயல் கலைக் கல்லூரியை அணுகித் தட்டின் வடிவத்தையே திருத்தினர். றெடிங் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் சிறிய இயந்திரம் ஒன்றை அமைத்தனர். முடியாது என்று சொல்லப்பட்டது உண்மையில் எவரும் முயன்று பார்க்காத ஒன்றே.

1970இல் நிலக்கரிச் சபையிலிருந்து ஓய்வு பெற்றார். 1973இல் ஸ்மோல் இஸ் பியூட்டிஃபுல் என்ற நூல் இலண்டனில் வெளிவந்தது. சிறியதே அழகு என்பது அதன் பொருள். அந்தத் தலைப்பு ஆசிரியர் இட்டதன்று, பதிப்பாளர் தெரிந்தது. தொடக்கத்திற் பெரிதாகப் பேசப்படாத நூல், எண்ணெய் நெருக்கடியின் பின்னர் பல மொழிகளிற் பரவியது. அறுபது வயதைக் கடந்தபின் வந்த புகழ் அவரை ஓயவிடவில்லை. 1977இல் அமெரிக்காவெங்கும் பேசச் சென்றபோது ஜனாதிபதி கார்ட்டர் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் நாள், சுவிற்சர்லாந்திற் சொற்பொழிவு முடித்துப் புகைவண்டியிற் சென்றுகொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. வயது 66.

அவர் தொடங்கிய குழு 2005இல் பிறக்ரிகல் அக்‌ஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இலங்கையில் 1980களில் அக்குழுவின் பங்களிப்புடன் உருவான அனகி அடுப்பைக் கொழும்புக் கடைகளிற் சிலர் கண்டிருப்பீர்கள். குயவர் களிமண்ணால் வனையும் ஒரே துண்டு அடுப்பு, ஒரு நெருப்பிலே சோற்றுப் பானையையும் கறிச் சட்டியையும் ஏற்றலாம், விறகும் மிச்சம். அதற்கு உதிரிப்பாகம் எதுவும் தேவையில்லை. உடைந்தால் ஊர்க் குயவர் வேறொன்று தருவார்.

சூமாக்கரின் நூலை இலண்டன் நூலகங்களில் எளிதில் எடுக்கலாம். பதினான்கு வயதைக் கடந்த மாணவர்க்கு ஆங்கிலத்திற் கடினமாக இராது. பௌத்தப் பொருளியல் பற்றிய அத்தியாயத்தையும் அதற்குரிய குறிப்புகளையும் முதலிற் பாருங்கள். குமாரசுவாமி, குமரப்பா என்ற இரு பெயர்களும் அங்கே அருகருகே இருக்கின்றன.